மோர்வேளிக்குச் சுற்றுலா போகிறவள்

தாராவியில் எங்கள் சந்தில் யாரும் சுற்றுலா போவது கிடையாது. ஊருக்குப் போவோம், கோயிலுக்குப் போவோம், ஆஸ்பத்திரிக்குப் போவோம். காலாற நடக்கவும், பறவை பார்க்கவும், அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்க்கவும் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிற வழக்கம் எங்களில் எவருக்கும் இல்லை. மாரீஸ்வரி ஒருத்திதான் போவாள். மழை விட்டதும் ஒரு தடவை, மாசி பிறந்தால் ஒரு தடவை, கொங்கண் கரையில் மோர்வேளி என்கிற குட்டி ஊருக்கு. போய்விட்டு வந்தால் முகம் தெளிந்திருக்குமா என்றால் அதுவும் கிடையாது. வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகத் திரும்பி வருவாள்.

விஷயம் தெரியாதவர்கள் கொழுப்பு என்றார்கள். தெரிந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள். நான் அடுத்த வீட்டுக்காரி, எனக்கு எல்லாம் தெரியும். அவள் போனது புருஷனைத் தேடி.

புருஷன் செல்வம். வாசிம் பாயின் பை தைக்கிற பட்டறையில் ஜிப் வைக்கிற வேலை. வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. மாரீஸ்வரிக்கும் அவனுக்கும் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை தங்கவில்லை. டாக்டர், கோயில் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அவள் தர்காவுக்குப் போய் ஓதிய தாயத்து ஒன்று வாங்கிவந்தாள். செல்வத்தின் அரைஞாண் கயிற்றில் அவளே கோத்துக் கட்டினாள். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. முக்கியமாகச் செல்வத்தின் அண்ணன் பிரம்மநாயகத்துக்குத் தெரியக்கூடாது. சந்துக் கோயில் கமிட்டியில் அவர் பெரிய தலை. நம்ம சாமிகளுக்கு என்ன கை இல்லாமலா போச்சு என்று வீட்டைத் தலைகீழாக்கிவிடுவார்.

அந்த வருஷம் ஆவணி மாதத்தில் பட்டறைப் பையன்கள் ஒரு வேன் பிடித்துக் கடலுக்குப் பிக்னிக் போனார்கள். மழைக்காலத்துக் கடலில் இறங்காதே என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். "நான் தாமிரவருணியில நீந்துனவன்" என்று இவன் இறங்கியிருக்கிறான். ஆறு ஆளைக் கரைக்குத் தள்ளும், கடல் உள்ளே இழுக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் போனவர்கள் எங்கள் ஆட்களில் எத்தனை பேரோ. இரண்டு பேரை அலை கொண்டுபோனது. ஒருத்தனை மறுநாள் திருப்பிக் கொடுத்தது. செல்வத்தைக் கொடுக்கவில்லை.

மாரீஸ்வரியும் பிரம்மநாயகமும் அங்கே ஓடினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் கேட்டார்கள். கழுத்தில் மச்சம் என்றாள். என்ன உடுப்பு என்று கேட்டார்கள், நீல பேண்ட் என்றாள். உடம்பில் வேறு ஏதாவது உண்டா என்று ஏட்டு இரண்டு முறை கேட்டாராம். பக்கத்தில் மூத்தார் நிற்கிறார். புருஷனின் அரையில் என்ன கட்டியிருந்தது என்பதை அவர் காதுபட எந்தப் பெண் சொல்லுவாள்? அதுவும் தர்காத் தாயத்தை? ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டாள்.

அதன்பிறகு அவளுக்குள் ஒரு நம்பிக்கை புகுந்துகொண்டது. அந்த இன்னொரு பையனின் உடம்பு வந்ததல்லவா, இவன் உடம்பு வரவில்லையே, அப்படியானால் இவன் சாகவில்லை. ஏதோ மீன்பிடிப் படகு தூக்கியிருக்கும். தலையில் அடிபட்டுப் பேர் மறந்து எங்கேயோ வலை இழுத்துக்கொண்டிருப்பான். சினிமாவில் நடக்கிறதே என்று நான் வாய்வரைக்கும் கொண்டுவந்து விழுங்கினேன். குங்குமத்தை எடுக்கமாட்டேன் என்றாள். கருமாதி செய்யவும் விடவில்லை. பிரம்மநாயகம் கத்தாத கத்தல் இல்லை.

பிக்னிக் போன ஊரிலேயே முதலில் தங்கித் தேடினாள். கரையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் போட்டோவைக் காட்டி அழுதாள். இரண்டாம் முறை போனபோது எந்த லாட்ஜிலும் ரூம் இல்லை என்றுவிட்டார்கள். ஆள் முழுகிய கதையைக் கேட்டால் வருகிற டூரிஸ்ட் பயந்து போவானாம். கழிமுகத்துக்குத் தெற்கே, படகில் தாண்டிப் போனால் மோர்வேளி. இங்கே விழுவது அங்கேதான் ஒதுங்கும் என்று ஒரு மீனவர் சொல்லியிருக்கிறார். ஒதுங்கியவன் அங்கேயே உயிரோடு இருக்கலாம் என்று இவளாக அர்த்தம் பண்ணிக்கொண்டாள். இந்தத் தடவை அழவில்லை, போட்டோவை எடுக்கவில்லை. எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, டூரிஸ்ட்கள் சொல்கிறதையே சொன்னாள். நடக்க வந்தேன், பறவை பார்க்க வந்தேன், உங்கள் ஊர்ச் சாப்பாடு நன்றாக இருக்குமாமே. உடனே ரூம் கிடைத்தது. அந்தப் பொய்யை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இப்படியே ஐந்து வருஷம் போனது. போன மாசியில் பிரம்மநாயகம் என்னிடம் வந்தார். நான் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கண்ணாடிக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். நாலு பேரிடம் பேசிப் பழகியவள் என்று என்மேல் ஒரு மரியாதை.

"நீ ஒருக்கா அவகூட போயிட்டு வா தாயி. கடல காட்டிக் காட்டி எடுத்துச் சொல்லு. என் தம்பி போயிட்டான். எனக்கு மட்டும் வயிறு எரியலியா? ஒரு புடி எள்ளும் தண்ணியும் எறைக்காம அவன் அலைஞ்சிட்டுக் கெடக்கான்ல. அவ சரின்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் செய்ய வேண்டியத செஞ்சிருதேன்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். நானும் சரி என்றேன். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

குர்லா நேரு நகரில் எஸ்டி பஸ் ஏறினோம். இடுப்பு கழன்றுவிட்டது. கடற்கரை என்றால் எனக்குத் தாதர் சௌபாட்டிதான், அதுவும் பேல்பூரிக்காக. மோர்வேளி அப்படி இல்லை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் கழிமுகத்துச் சேற்றில் அலையாத்திக் காடு, நடுவில் கண்ணுக்கெட்டும் தூரம்வரை ஆளில்லாத மணல். அழகில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவ்வளவு அழகைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

தங்கிய இடம் நூர் நிஷாவின் வீடு. எங்கள் வயதுதான். வீட்டின் பின்கட்டில் இரண்டு அறையை டூரிஸ்ட்களுக்கு விட்டிருந்தாள். மாரீஸ்வரியைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். "என் நடைக்காரி வந்துவிட்டாள்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பம்பாய் இந்தி. நான் தமிழில் சொல்கிறேன்.

விடிந்ததும் நடை. மாரீஸ்வரி முன்னால், நான் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. எனக்குக் காக்கையும் புறாவும் தவிர வேறு பறவை தெரியாது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வந்து போன டூரிஸ்ட்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றிருக்கிறாள். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே.

"அந்தா சவுக்கு உச்சியில வெள்ளை வயிறு தெரியுதா? கடல்கழுகு. அது ஜோடியாத்தான் இருக்கும் அக்கா. போன தடவ ரெண்டு இருந்துச்சு" என்றாள்.

மணல் முழுக்கச் சிவப்பு நண்டு. நாம் காலெடுத்து வைத்தால் அவ்வளவும் வளைக்குள் போய்விடும், நின்றால் எட்டிப் பார்க்கும். கழிமுகத்தில் நீர்நாய் ஒன்று குட்டிகளோடு நீந்திப் போனதைக் காட்டினாள். ஆமை முட்டைகளைக் கம்பிவலைக்குள் பாதுகாத்து வைத்திருந்த இடத்தில் பத்துப் பதினைந்து டூரிஸ்ட்கள் நின்றிருந்தார்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைக் கூடையில் எடுத்துவந்து மணலில் விட்டார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத அதுகள் துடுப்பை அடித்து அடித்துக் கடலைப் பார்த்துப் போயின. எல்லோரும் கைதட்டினார்கள். மாரீஸ்வரி அதைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேச்சை எடுத்தேன். "மாரி, இத்தன வருசம் ஆயிட்டு. அவன் இருந்தா வரமாட்டானாடி? பேரு மறந்தா என்ன, தமிழ் மறந்துருமா?"

"அவிய வராம இருக்கறது அவிய இஷ்டம் அக்கா. தேடாம இருக்கறது என் கையில இல்ல" என்றாள்.  செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

நூர் நிஷாவின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். அரிசி மாவில் கையால் தட்டிய பக்ரி ரொட்டி, தேங்காய்ப்பாலில் கொக்கம் புளி விட்ட சோல்கடி, மசாலா தடவி ரவையில் புரட்டிப் பொரித்த சுறுமை என்கிற வஞ்சிர மீன். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். மாரீஸ்வரிக்கு மட்டும் தனியாகப் பருப்பும் கத்திரிக்காயும். தான் சைவம் என்று முதல் தடவையே சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாளை மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவள் அவள். அந்தக் கடல் மீன் எதைத் தின்றதோ என்கிற நினைப்பு. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறவள் ஏன் மீனைத் தொடவில்லை என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் நூர் நிஷா அதைப் போட்டு உடைத்தாள். நான் மீன் முள்ளை ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "நீங்கள் இரண்டு பேரும் ஒரே சாதி, ஒரே ஊர் என்றீர்கள். நீ சாப்பிடுகிறாய், அவள் சாப்பிடவில்லை. இத்தனை வருஷமாக என் கையால் ஒரு துண்டு மீன் வாங்கிச் சாப்பிடமாட்டேன் என்கிறாளே, எங்கள் வீட்டில் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடலாமே" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நிஜமாகவே மனது நொந்திருக்கிறாள்.

மாரீஸ்வரி தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் யாரையும் நோகடிக்கத் தெரியாதவள். "அது இல்ல பெஹன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிக்னிக், ஆவணி மாதம், நீல பேண்ட், கழுத்து மச்சம், திருப்பிக் கொடுக்காத கடல். டூரிஸ்ட் என்று பொய் சொன்னதற்குக் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டாள்.

நூர் நிஷா கையை விடவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போனது.  பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவர் இடுப்பில் தாவீஸ் கட்டியிருந்தாரா?"

தாயத்தைத்தான் அங்கே தாவீஸ் என்பார்கள். நான் மாரீஸ்வரியைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவள் குரல் மட்டும் கேட்டது. "கறுப்புக் கயிறு. வெள்ளிக் குழாய். மூடி ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும்" என்றாள்.

நூர் நிஷா சொன்னதை அப்படியே சொல்கிறேன். அந்த ஆவணியில் ஒரு உடம்பு அலையாத்தி வேரில் சிக்கிக் கிடந்தது. நாளாகிவிட்டது, முகம் இல்லை, உடுப்பும் இல்லை. இடுப்பில் கயிறும் அதில் தாவீஸும் மட்டும் இருந்தன. அதே வாரம் தெற்கேயிருந்து வந்த படகு ஒன்று கவிழ்ந்து, அதிலிருந்த முஸ்லிம் பையன்கள் சிலர் காணாமல் போயிருந்தார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டது, அக்கரை ஸ்டேஷனில் கேட்டதற்குத் தாவீஸ் கட்டிய ஆள் யாரும் தங்கள் பட்டியலில் இல்லை என்றார்களாம், யாரும் உரிமை கேட்டு வரவில்லை. அக்கரையில் முழுகியவர்கள் ஹிந்துக்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தாவீஸ் கட்டியவன் நம் பிள்ளை என்று ஜமாஅத்தில் முடிவுசெய்து, குளிப்பாட்டி, புதுத் துணி சுற்றி, தொழுகை வைத்துத் தங்கள் இடுகாடான கபர்ஸ்தானில் அடக்கிவிட்டார்கள். நூர் நிஷாவின் சித்தப்பா கரீம்தான் குழி வெட்டியவர்.

"முதல் வருஷமே நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா" என்று நூர் நிஷா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாரீஸ்வரி அழவில்லை. சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் போனோம். அந்த ஊர் வழக்கப்படி பெண்கள் உள்ளே போகமாட்டார்கள், மதிலுக்கு வெளியே நின்றோம். தினமும் நடைக்குப் போகிற பாதையில், சவுக்குத் தோப்பை ஒட்டியே இருந்தது அந்த மதில். கரீம் சாச்சா உள்ளே போய்க் கையைக் காட்டினார். நடுவில் வந்த பெரிய புயலில் மண் மூடி மேடெல்லாம் தட்டையாகிவிட்டது. இதுவோ அதுவோ, இல்லை அந்த மூலையில் இருப்பதோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார். பொய் சொல்லி ஒரு மேட்டைக் காட்டியிருக்கலாம். அந்த மனுஷனுக்குப் பொய் வரவில்லை. வயிற்றெரிச்சலில் நான் அவரைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

"நல்லாக் குளிப்பாட்டுனாங்களா?" என்று மட்டும் மாரீஸ்வரி கேட்டாள்.

"மகனைப் போலச் செய்தோம் தாயே" என்றார் அவர்.

அவள் மதிலைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். அவள் அழுததை எழுத எனக்கு வராது. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அக்கா, பெரியத்தானுக்கு போன் போடுங்க. கருமாதி வைக்கச் சொல்லுங்க. நான் தாலிய எறக்கிருதேன். அவிய இனிமே அலைய வேண்டாம்" என்றாள்.

நான் போட்டேன். வந்த காரியம் முடிந்துவிட்டது என்றுகூட என் கேடுகெட்ட மனது நினைத்தது. ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பிரம்மநாயகம், "எங்க பொதச்சிருக்கு?" என்றார். கபர்ஸ்தானில் என்றேன்.

"அது என் தம்பி இல்ல" என்றார்.

"பெரியத்தான், தாயத்து நான் கட்டுனது. என் கையால கட்டுனேன்" என்றாள் மாரீஸ்வரி.

"பொய் சொல்லாத. என் தம்பி தாயத்து கட்டுத ஆளா? அன்னைக்கு டேசன்ல கேட்டப்ப ஒண்ணுமில்லன்னுதான சொன்ன? நானும் பக்கத்துலதான நின்னேன்? எவனோ ஒருத்தன் பொணத்தக் காட்டி உன் தலையில கட்டுதாங்க. என் தம்பி அந்த மண்ணுக்குள்ள கெடக்கான்னு நான் ஊர்ல எப்படிச் சொல்லுவேன்? அவன் எங்கயோ உசுரோட இருக்கான். நீ சொன்னதுதான் சரி. தாலியில கைய வச்சன்னா என் வீட்டு வாசல்ல மிதிக்கக்கூடாது, ஆமா."

நான் அவரைக் கேட்காத கேள்வி இல்லை. எள்ளும் தண்ணியும் என்னாச்சு, வயிறு எரிந்தது என்னாச்சு என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். அவர் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தார்.

திரும்பி வந்தபிறகும் ஆள் அனுப்பிப் பார்த்தோம், நேரிலும் பேசிப் பார்த்தோம். கரீம் சாச்சாவே ஒரு நாள் பம்பாய்க்கு வந்து, பள்ளிவாசலில் தேடி எடுத்த அந்த வெள்ளிக் குழாயைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரம்மநாயகம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முலுண்டில் ஒரு ஜோசியரைப் பார்த்தாராம், தம்பி மேற்கே கடல் கடந்து இருக்கிறான், வருவான் என்றாராம். வாட்ஸ்அப்பில் தம்பி போட்டோவைப் போட்டுத் தேடச் சொல்கிறார். இவர் மனமறிந்து நடிக்கிறாரா, நிஜமாகவே நம்புகிறாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நம்புகிறார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது. மாரீஸ்வரியாகத் தாலியைக் கழற்றி எறிந்தால் என்ன என்று கேட்பீர்கள். கருமாதி செய்யவேண்டியவன் அதைச் செய்யாமல், சொந்தம் கூடி உட்காராமல் அவள் மட்டும் கழற்றினால் எங்கள் சந்து அவளை வேறு பேர் சொல்லிக் கூப்பிடும். செம்பூர் பல் டாக்டர் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கிப் பிழைக்கிறவள் அவள், குடியிருக்கிற அறையும் பிரம்மநாயகத்தின் பேரில்தான் இருக்கிறது. இப்போது அவள் மோர்வேளிக்கும் போவதில்லை. போய் யாரைத் தேட?

சித்திரையில் சந்துக் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு, அவன் பேருக்கு வரி, அவன் பேருக்குக் கிடாய்க் கறியில் ஒரு பங்கு. செத்தவன் பேரை அடித்துவிடுவார்கள். செல்வம் காணாமல் போனதிலிருந்து அவன் பேரைக் கமிட்டியில் வாசித்ததில்லை. இந்த வருஷம் பிரம்மநாயகம் தம்பி பேரில் வரி கட்டியிருந்தார். மைக்கில் அவரே வாசித்தார்.

"செல்வம் தலைக்கட்டு! செல்வம் வீட்டுலேர்ந்து யாரு வந்திருக்கா?"

சந்து மொத்தமும் திரும்பி மாரீஸ்வரியைப் பார்த்தது. அவள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு எழுந்து போனாள். தூக்குவாளியை நீட்டிப் பங்கை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உசுரோட இருக்காவன்னு நான் ஒத்தையா அழுதப்போ ஒருத்தரும் நம்பல அக்கா. இப்போ செத்துட்டாவன்னு அழ விடமாட்டேங்காவ" என்றாள்.

மைக்கில் அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக்காரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனான்.